பள்ளிகளுக்காக மாநில வரியை உயர்த்துவது: அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேர்தல் ஆண்டில் வீட்டுக்கு வரும் வாக்குச்சீட்டில் அதிபர், செனட்டர் பெயர்களைத் தாண்டிக் கீழே போனால் சில தீர்மானங்கள் பொடி எழுத்தில் இருக்கும். "பொதுப் பள்ளிகளுக்கு நிதி தர இன்ன வரியை இவ்வளவு உயர்த்தலாமா?" என்ற வகை. கல்விக்குத்தானே என்று சிலர் யோசிக்காமல் 'ஆம்' போடுகிறார்கள். இன்னொரு வரியா என்று சிலர் யோசிக்காமல் 'இல்லை' போடுகிறார்கள். நான் பொதுவாக இந்த வரிகளை ஆதரிப்பவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சில தீர்மானங்களைப் படித்தால் எனக்கே கை தயங்கும். ஏன் என்று கீழே வரும்.

இங்கே பள்ளிக்கூடத்தை நடத்தும் பணம் எங்கிருந்து வருகிறது?

மூன்று இடங்களிலிருந்து. வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு தருவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மீதியை மாநில அரசும் உள்ளூர் பள்ளி மாவட்டமும் கிட்டத்தட்ட சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. இது நாடு முழுவதற்குமான சராசரி. மாநிலத்துக்கு மாநிலம் விகிதம் மாறும். உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி, வீட்டுக்கு நாம் கட்டும் சொத்து வரி.

கல்வி என்பது மத்திய அரசமைப்புச் சட்டத்தின்படி அடிப்படை உரிமை அல்ல. டெக்சஸில் சான் அன்டோனியோ பெற்றோர்கள் தொடுத்த வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அப்படித்தான் சொன்னது. அதனால் பள்ளி நிதி பற்றிய சண்டையெல்லாம் மாநிலத் தலைநகரங்களிலும் மாநில நீதிமன்றங்களிலுமே நடக்கிறது. மாநில அரசமைப்புச் சட்டங்களில் பொதுக் கல்வி பற்றிய பிரிவு உண்டு. வழக்குப் போடுபவர்கள் பிடித்துக்கொள்ளும் கொம்பு அதுதான்.

சொத்து வரிதான் ஏற்கெனவே கட்டுகிறோமே. மாநில வரி எதற்கு?

நீங்கள் வீடு வாங்கும்போது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பார்த்துத்தானே வாங்கினீர்கள்? பதில் அதிலேயே இருக்கிறது. விலை உயர்ந்த வீடுகள் இருக்கும் ஊரில் வரி விகிதம் குறைவாக இருந்தாலும் பணம் கொட்டும். ஏழை ஊரில் விகிதத்தை எவ்வளவு ஏற்றினாலும் பற்றாக்குறை. மாநிலம் தன் வரியிலிருந்து பணம் போட்டு நிரவினால்தான் இந்த இடைவெளி குறையும்.

இதற்கு நியூ ஜெர்சியை விட நல்ல கதை கிடையாது. 1970களின் தொடக்கத்தில் அங்கே பொதுவான மாநில வருமான வரியே இல்லை. பள்ளிகள் பெரும்பாலும் சொத்து வரியை நம்பி ஓடின. இது மாநில அரசமைப்புச் சட்டத்துக்கு முரண் என்று 1973இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டமன்றம் ஒரு புதிய நிதித் திட்டத்தை எழுதியது, ஆனால் அதற்கான பணத்துக்கு வழி செய்யாமல் இழுத்தடித்தது. நீதிமன்றம் பொறுமை இழந்து, 1976 ஜூலை 1 முதல் பள்ளிகளுக்காக எந்தச் செலவும் செய்யக்கூடாது என்று தடை போட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. கோடை விடுமுறை என்பதால் பாதிப்பு பெரிதில்லை, ஆனால் மிரட்டல் பலித்தது. சில நாட்களிலேயே வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. அதில் வரும் பணம் சொத்து வரிச் சுமையைக் குறைக்கத்தான் என்று அரசமைப்புச் சட்டத்திலும் எழுதிவைத்தார்கள். எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் இன்று சம்பளத்தில் பிடிக்கப்படும் மாநில வரியின் பூர்வீகம் இதுதான்.

(நியூ ஜெர்சியின் சொத்து வரி இன்றும் நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. அது தனிப் புலம்பல்.)

எந்தெந்த வரிகளை உயர்த்துகிறார்கள்?

கையில் கிடைத்ததை எல்லாம். நான்கு மாநிலங்களைப் பார்த்தாலே எத்தனை விதம் என்று தெரிந்துவிடும்.

கலிபோர்னியாவில் 2012இல் புராப்பசிஷன் 30 (அங்கே வாக்குச்சீட்டுத் தீர்மானத்துக்கு அந்தப் பெயர்). விற்பனை வரியில் கால் சதவீதம் நான்கு ஆண்டுகளுக்கு, ஆண்டு வருமானம் 2,50,000 டாலரைத் தாண்டும் தனிநபருக்கும் 5,00,000 தாண்டும் தம்பதிக்கும் கூடுதல் வருமான வரி ஏழு ஆண்டுகளுக்கு. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஊர் ஊராகப் போய்க் கேட்டு வாங்கிய வெற்றி. வருமான வரிப் பகுதியை 2016இல் புராப்பசிஷன் 55 வழியாக 2030 வரை நீட்டித்தார்கள்; விற்பனை வரிப் பகுதியை விட்டுவிட்டார்கள்.

மாசசூசெட்ஸில் 2022இல், பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு மட்டும் கூடுதலாக 4%. கல்விக்கும் போக்குவரத்துக்கும் என்று ஒதுக்கீடு.

வாஷிங்டன் மாநிலத்தில் வருமான வரி இல்லாததால், 2021இல் பங்கு போன்றவற்றை விற்று வரும் பெரிய லாபத்துக்கு 7% வரி போட்டார்கள். அப்போது ஆண்டுக்கு 2,50,000 டாலர்வரை விலக்கு. வீடு, நிலம் விற்ற லாபத்துக்கு இந்த வரி கிடையாது. சியாட்டில் பக்கம் ஆர்எஸ்யூ (நிறுவனம் சம்பளத்தோடு தரும் பங்கு) வாங்குபவர்கள் பதறுகிறார்கள்: பங்கு உங்கள் கைக்கு வரும்போது அது சம்பளக் கணக்கு. பிறகு விலை ஏறி விற்றால் வரும் லாபம்தான் இதற்குள் வரும், அதுவும் அந்த வரம்பைத் தாண்டினால்.

ஓரிகனில் 2019இல் நிறுவனங்களின் விற்றுமுதல் மீது வரி. அதைத் தடுக்கக் குடியரசுக் கட்சி செனட்டர்கள் அவைக்கே வராமல் வெளிநடப்பு செய்து பார்த்தார்கள், கடைசியில் நிறைவேறியது.

விற்பனை வரியில் டாலருக்கு ஒரு காசு கூட்டினால் யாருக்கும் வலிக்காதே?

சம்பளம் முழுவதையும் செலவழிக்கும் குடும்பத்துக்கு வலிக்கும். வருமானத்தில் பாதியைச் சேமிக்கும் குடும்பத்துக்கு வலிக்காது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்காக ஏழைப் பெற்றோரிடமே அதிக விகிதத்தில் வசூலிப்பது கொஞ்சம் விசித்திரம்தான். ஓக்லஹோமாவில் 2016இல் கல்விக்கென்று ஒரு காசு விற்பனை வரி கேட்ட தீர்மானத்தை வாக்காளர்கள் தெளிவாகவே நிராகரித்தார்கள்.

ஆனாலும் விற்பனை வரியை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. மிச்சிகன் அதற்குச் சாட்சி. 1993இல் கால்காஸ்கா என்ற சின்ன ஊரில், சொத்து வரி உயர்வுக்கு வாக்காளர்கள் ஒப்புக்கொள்ளாததால், கல்வியாண்டு முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டிவிட்டார்கள். நாடே அதைப் பேசியது. அதே கோடையில் மிச்சிகன் சட்டமன்றம், பள்ளி நடத்துவதற்கான சொத்து வரியை மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாமலே ரத்து செய்தது. அப்புறம் 1994 மார்ச்சில் மக்களிடம் போய், விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 ஆகலாமா, இல்லை வருமான வரியை உயர்த்தலாமா என்று கேட்டது. மக்கள் விற்பனை வரியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழை மாவட்டங்களுக்கு அதனால் நிதி கூடியது உண்மை. பணம் யாரிடமிருந்து வருகிறது என்பது போலவே யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு வரி நியாயமா இல்லையா என்று சொல்ல முடியும்.

இப்படி வசூலிக்கும் பணம் உண்மையிலேயே பள்ளிக்குத்தான் போகிறதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

புதிய வரிப்பணம் பள்ளிக்கென்று வந்து சேரும். சட்டப்படி ஒரு டாலர்கூட வேறெங்கும் போகாது. ஆனால் பள்ளிக்கு ஏற்கெனவே பொது நிதியிலிருந்து வந்துகொண்டிருந்த பணத்தைச் சட்டமன்றம் சத்தமில்லாமல் குறைத்துவிடலாம். முன்வாசல் வழியாக நூறு வந்து பின்வாசல் வழியாக எண்பது போனால், பள்ளிக்குக் கிடைத்தது இருபதுதான். வரியை ஆதரித்து விளம்பரம் செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எதிர்பார்த்ததும் நடக்கவில்லை.

லாட்டரியில் இது பழைய கதை. நியூ ஹாம்ப்ஷயர் 1964இல் கல்விக்காக என்று சொல்லி நவீன கால மாநில லாட்டரியைத் தொடங்கியது. பின்னால் பல மாநிலங்கள் அதே பாட்டைப் பாடின. "லாட்டரிப் பணம்தான் வருகிறதே, பள்ளிக்கு இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்பவர்களை இன்றும் பார்க்கலாம். கலிபோர்னியாவில் பள்ளிகளின் மொத்தச் செலவில் லாட்டரியின் பங்கு மிகச் சிறிது. ஆனால் அது உண்டாக்கிய நம்பிக்கை ரொம்பப் பெரிது, பள்ளிக்கான மற்ற வரிகளுக்கு ஆதரவு திரட்டுவதையே அது கஷ்டமாக்குகிறது.

அதனால் தீர்மானத்தின் முழு வாசகத்தில் முதலில் தேடவேண்டியது: பழைய ஒதுக்கீடு குறையக்கூடாது என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? 'புதிய பணம் பழைய பணத்தோடு சேர வேண்டும், அதற்குப் பதிலாக வரக்கூடாது' என்ற பொருளில் ஒரு வரி. அந்த வரி இருந்தாலும் அதைச் சோதிக்க ஓர் அடிப்படை ஆண்டு, ஓர் அடிப்படைத் தொகை வேண்டும். எந்த ஆண்டோடு ஒப்பிட்டுக் குறையக்கூடாது என்று சொல்லாவிட்டால் அந்த வரி வெறும் அலங்காரம். கலிபோர்னியாவில் 1988இலேயே புராப்பசிஷன் 98 வழியாகப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் ஒரு குறைந்தபட்ச நிதியை அரசமைப்புச் சட்டத்திலேயே பதித்துவிட்டார்கள். கணக்கு சிக்கலானது, அதை முழுதாகப் புரிந்தவர்கள் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில்கூடக் கொஞ்சம் பேர்தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அப்படி ஒரு தரை இருப்பதால்தான் அதன்மேல் போடும் புது வரிக்கு ஓரளவு அர்த்தம் இருக்கிறது.

மாசசூசெட்ஸில் இந்தத் தரை பலவீனம். 2022இல் வந்த அரசமைப்புத் திருத்தத்தின் வாசகம் கல்வி, போக்குவரத்து என்று சொன்னாலும், பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதைச் சட்டமன்றத்தின் ஒதுக்கீட்டுக்கே விட்டது. எதிர்த்தவர்கள் 2022இல் சுட்டிக்காட்டியதும் இதைத்தான்; அந்த வாதம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பள்ளி உணவு, இலவச சமுதாயக் கல்லூரி என்று கண்ணுக்குத் தெரியும் செலவுகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஒரு நெருக்கடி வரும் ஆண்டில் பொது நிதி ஒதுக்கீட்டுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் உண்மையான சோதனை.

அரிசோனாவில் மக்கள் வாக்களித்து ஜெயித்த வரி என்னாச்சு?

கேட்டால் வயிறு எரியும். 2018இல் ஆசிரியர்கள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு பணக்காரர்கள் மீதான வருமான வரி உயர்வுக்குக் கையெழுத்துத் திரட்டினார்கள். மனுவில் இருந்த விளக்கக் குறிப்பு வாக்காளரைக் குழப்பும் என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் அதை வாக்குச்சீட்டிலிருந்தே எடுத்துவிட்டது. விடாமல் 2020இல் மறுபடி வந்தார்கள்: புராப்பசிஷன் 208. தனிநபருக்கு 2,50,000 டாலருக்கு மேல், தம்பதிக்கு 5,00,000 டாலருக்கு மேல் வரும் வருமானத்துக்கு 3.5% கூடுதல் வரி. சுமார் 52% ஆதரவோடு ஜெயித்தது.

சிக்கல் 1980லிருந்து காத்திருந்தது. பள்ளி மாவட்டங்கள் மொத்தமாக ஓர் ஆண்டில் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு அரிசோனா அரசமைப்புச் சட்டத்தில் அந்த ஆண்டிலிருந்தே ஓர் உச்சவரம்பு உண்டு. இந்தப் புதிய பணத்தை 'மானியம்' என்று பெயரிட்டால் வரம்புக்குள் வராது என்று 208ஐ எழுதியவர்கள் கணக்குப் போட்டார்கள். 2021 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை: சாதாரணச் சட்டத்தில் ஒரு பெயரை வைத்துவிட்டு அரசமைப்பு வரம்பைத் தாண்ட முடியாது. வசூல் வரம்பைத் தாண்டுமா என்று பார்க்கக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. தாண்டும் என்று 2022 மார்ச்சில் கீழ் நீதிமன்றம் முடிவு செய்து வரியையே நிறுத்திவிட்டது. அதற்கிடையில் சட்டமன்றம் எல்லோருக்கும் ஒரே விகிதமாக 2.5% என்று வருமான வரியைக் குறைக்கும் சட்டத்தையும் கொண்டுவந்துவிட்டது.

அரசமைப்பைத் திருத்தும் தீர்மானமாக அதைக் கொண்டுவந்திருந்தால் இந்தச் சிக்கல் இருந்திருக்காது. ஆனால் அதற்கு இன்னும் அதிகக் கையெழுத்து வேண்டும், அதிகச் செலவு. சுருக்குவழி என்று நினைத்தது கடைசியில் முட்டுச்சந்தாகிவிட்டது.

பணம் அதிகமானால் படிப்பு மேம்படுமா? அமெரிக்கா ஏற்கெனவே நிறையத்தானே செலவழிக்கிறது?

1966இல் வந்த கோல்மன் அறிக்கை, மாணவரின் மதிப்பெண்ணைப் பள்ளி வசதிகளைவிடக் குடும்பச் சூழலே அதிகம் தீர்மானிக்கிறது என்றது. எரிக் ஹனுஷெக் போன்ற பொருளியலாளர்கள் அதன்பின் பல ஆண்டுகள், செலவுக்கும் விளைவுக்கும் நிலையான தொடர்பில்லை என்று வாதிட்டார்கள். அவர்களுக்குக் கைகொடுத்த உதாரணம் மிசௌரியின் கான்சஸ் சிட்டி. அங்கே நீதிமன்ற உத்தரவின்பேரில் பெரும் பணம் கொட்டி நீச்சல்குளம் உட்படப் பிரமாதமான கட்டடங்கள் எழுப்பினார்கள். மதிப்பெண்கள் எதிர்பார்த்தபடி ஏறவில்லை.

இன்னொரு பக்கம், கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, நீதிமன்றத் தீர்ப்புகளால் திடீரென்று நிதி கூடிய மாவட்டங்களில் படித்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளும் ஒரு மாணவருக்கான செலவு 10% கூடினால், வளர்ந்தபின் அவர்கள் சம்பளம் ஏறக்குறைய 7% கூடியிருந்தது. ஏழைக் குடும்பப் பிள்ளைகளிடம் பலன் இன்னும் அதிகம். அடுத்தடுத்து வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

இரண்டையும் சேர்த்து வைத்து நான் புரிந்துகொள்வது: பணம் ஆசிரியர்களுக்கும் சிறிய வகுப்புகளுக்கும், பல ஆண்டுகள் தொடர்ந்து போனால் வேலை செய்கிறது. ஒரே நேரத்தில் கொட்டிவிட்டு நிறுத்தினால் செய்வதில்லை. தீர்மானத்தில் வரி எத்தனை ஆண்டுக்கு என்று பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணக்காரர்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார்களே?

சிலர் போகிறார்கள். டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற வருமான வரி இல்லாத மாநிலங்கள் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. ஆனால் பெரிய சம்பளக்காரர்கள் பொதுவாகத் தொழில், வாடிக்கையாளர், பிள்ளைகளின் பள்ளி என்று ஓர் ஊரில் வேர்விட்டவர்கள். மாசசூசெட்ஸ் புது வரியிலிருந்து 2024 நிதியாண்டில் ஒரு பில்லியன் டாலரை மட்டும் நம்பி பட்ஜெட் போட்டது. வந்தது இரண்டு பில்லியனுக்கு மேல்.

எனக்குப் பெரிய கவலை ஓடிப்போவதில் இல்லை, ஏற்ற இறக்கத்தில்தான். மிகச் சிலரின் பங்குச் சந்தை லாபத்தை நம்பிய வரி, சந்தை சரியும் ஆண்டில் படுத்துவிடும். பள்ளிக்கு அந்த ஆண்டும் அதே எண்ணிக்கை ஆசிரியர்கள் வேண்டும். 2008க்குப் பிந்தைய கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பணிநீக்க நோட்டீஸ் போனது இப்படித்தான். நல்ல ஆண்டில் ஒரு பகுதியைக் கையிருப்பில் போடச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்று பாருங்கள். கலிபோர்னியா அந்தப் பாடத்தை 2014இல் தனித் தீர்மானமாகவே எழுதிக்கொண்டது.

சட்டமன்றமே வரியை உயர்த்தலாமே, எதற்கு மக்களிடம் வாக்குக் கேட்கிறார்கள்?

பல மாநிலங்களில் சட்டமன்றத்தின் கையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 1978இன் புராப்பசிஷன் 13 சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் பூட்டியது மட்டுமல்ல. மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றும் ஆக்கியது. (மதிப்பீடும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதனால்தான் ஒரே தெருவில், ஒரே மாதிரி வீட்டுக்கு, முப்பது வருடமாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வரியில் ஒரு துண்டு மட்டும் கட்டுகிறார்.) கொலராடோவில் 1992 முதல் எந்த வரி உயர்வும் மக்களிடம் போயாக வேண்டும், கல்விக்கென்று 2013இலும் 2018இலும் கேட்ட பெரிய உயர்வுகள் இரண்டும் தோற்றன. ஓக்லஹோமாவில் சட்டமன்றத்தில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். அங்கே 2018இல் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தேதி குறித்த பிறகுதான் சிகரெட், எரிபொருள், எண்ணெய்க் கிணறு உற்பத்தி ஆகியவற்றின் மீது வரி ஏறி, ஆசிரியர் சம்பளம் சராசரியாக 6,100 டாலர் உயர்ந்தது.

வரியைக் கூட்டிய அரசியல்வாதி பிழைப்பாரா?

நியூ ஜெர்சி ஆளுநர் ஜிம் ஃபுளோரியோ 1990இல் வரியைக் கூட்டி ஏழைப் பள்ளிகளுக்குத் தர முயன்றார், 1993இல் தோற்றார். நெவாடாவில் குடியரசுக் கட்சி ஆளுநர் பிரையன் சாண்டோவால் 2015இல் கல்விக்காகப் பெரிய வரி உயர்வைக் கொண்டுவந்தார். பதவிக்காலத்தை முழுதாக முடித்தே போனார். விதி என்று எதுவும் கிடையாது.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஏன் கட்டவேண்டும்?

உங்கள் வீட்டு விலையில் ஒரு பங்கு பக்கத்துப் பள்ளியின் பெயர். விற்கும்போது தெரியும்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வரி கட்டுகிறேன், வாக்கு இல்லை. இதெல்லாம் தெரிந்து என்ன பயன்?

மாநிலத் தேர்தலில் வாக்கு இல்லை, உண்மைதான். தவறியும் போட்டுவிடாதீர்கள், குடியேற்ற விஷயத்தில் அது பெரிய வில்லங்கமாகும். ஆனால் பணம் மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு வந்தபின் அதை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்வது பள்ளி வாரியம். அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. கருத்துச் சொல்லப் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள், விசாவைக் கேட்க மாட்டார்கள். பட்ஜெட் கூட்டங்கள் பொதுவாக வசந்த காலத்தில் நடக்கும். நிகழ்ச்சி நிரலும் வரைவு பட்ஜெட்டும் மாவட்டத்தின் இணையதளத்திலேயே இருக்கும். அதில் 'மாநில வருவாய்' என்ற வரியை எடுத்து, போன ஆண்டுத் தொகையையும் இந்த ஆண்டுத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது வரி வந்த பிறகும் அந்த எண் பெரிதாக நகரவில்லை என்றால், எழுந்து நின்று கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.